உங்கள் 'மாமன்னர்' நிலையில் எதிரிக்கு மூளை இல்லை, மானியம்தான் இருக்கிறது

அனுப்புநர்:
உங்கள் விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கியவன்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வியூக விளையாட்டில் கணினி எதிரியின் திறமை பற்றி விளம்பரத்தில் சொன்னதும் ஆட்டத்தில் இருப்பதும் வேறாக இருப்பது – இரண்டாவது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் சொன்னவற்றில் இந்த ஒன்றையாவது நம்பிப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

நான் லேத் பட்டறை நடத்துகிறவன். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, சாப்பிட்டு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருக்கும் நேரம். 1999இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்த காலத்திலிருந்தே அந்த ஒரு மணி நேரத்தை வியூக விளையாட்டுகளுக்குக் கொடுத்துவருகிறேன். உங்கள் விளையாட்டை 2,999 ரூபாய்க்கும், அதன் விரிவாக்கத் தொகுப்பை 1,499 ரூபாய்க்கும் வாங்கினேன். இதுவரை 212 மணி நேரம் ஆடியிருக்கிறேன் என்று கணக்கு காட்டுகிறது. மழை பெய்தால் வயலின் நிறம் மாறுவதும், கோட்டைச் சுவர் விழும்போது எழுகிற புழுதியும் அருமையாக இருக்கின்றன. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடுகிறதே, அதைப் பற்றித்தான் புகார்.

'உங்கள் ஒவ்வொரு நகர்வையும் கற்றுக்கொண்டு திருப்பித் தாக்கும் எதிரி' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடின நிலைகள் ஏழு. கடைசி நிலைக்கு 'மாமன்னர்' என்று பெயர். அந்த மாமன்னர் என்னோடு எப்படிப் போரிட்டார் என்று சொல்கிறேன்.

சென்ற மாதம் ஆடிய ஆட்டம். மாமன்னர் என் வடக்கு எல்லைக் கோட்டையை முற்றுகையிட்டார். அவரிடம் ஒன்பது கவண்பொறிகள், ஆறு காலாட்படைகள், இரண்டு யானைப்படைகள். கோட்டைக்குள் என்னிடம் இருந்தவை இரண்டு வில்படைகள் மட்டும். பத்து வயதுப் பையனிடம் கொடுத்தால்கூட மூன்று சுற்றில் கோட்டையைப் பிடித்திருப்பான். நானும் கோட்டை போனது போனதுதான் என்று முடிவு கட்டி, பின்னால் இருந்த ஊரில் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டேன். மாமன்னரோ கவண்பொறிகளை முன்னால் அனுப்பினார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதைக் கவண்பொறிக்காகவே சொல்லி வைத்திருக்கலாம். தொலைவில் நின்று கல்லெறிய வேண்டிய அந்தப் பொறிகள், காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாமல், சுவரோரம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சுற்றுக்கு ஒன்றாக என் வில்வீரர்கள் அவற்றை முடித்தார்கள். காலாட்படைகள் ஆறும் பின்னால் மலையடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தன.

எட்டுப் பொறிகள் போயின. ஒன்பதாவது ஆற்றின் வடகரையில் நின்றது. அது கிழக்கே ஒரு கட்டம் போனது. அடுத்த சுற்றில் மேற்கே ஒரு கட்டம் வந்தது. மறுபடி கிழக்கு. மறுபடி மேற்கு. அதற்கு ஏதோ பெரிய திட்டம் இருக்கிறது என்று முதலில் பயந்து, ஒரு குதிரைப்படையைக் காவலுக்கு நிறுத்தினேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். பதினான்கு சுற்றுகள் நடந்தது. பதினைந்தாவது சுற்றில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. 143ஆம் சுற்றில் சேமித்து, கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

இந்த மாமன்னர் சில நேரம் என்னை வெல்லவும் செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. இப்படிப் போரிடுகிறவர் எப்படி வெல்கிறார்? உங்கள் விளையாட்டின் கோப்புறையில் கடின நிலைகளுக்கென்று ஓர் உரைக்கோப்பு இருக்கிறது. பூட்டு எதுவும் இல்லை, யாரும் திறந்து படிக்கலாம். ஒன்றாம் நிலையில் எதிரியின் உற்பத்தி 0.8. நான்காம் நிலையில் 1.0. மாமன்னர் நிலையில் 1.9. அதாவது நான் ஒரு படை கட்டும் நேரத்தில் அவர் கிட்டத்தட்ட இரண்டு கட்டுவார். தொடக்கத்திலேயே அவருக்கு மூன்று படைகளும் ஒரு குடியேற்றக் குழுவும் கூடுதல். அவர் நாட்டில் மக்கள் அதிருப்தி பூஜ்யம். எத்தனை போர் நடத்தினாலும், எத்தனை வரி போட்டாலும் அவர் குடிமக்கள் முணுமுணுக்க மாட்டார்கள். கோப்பைக் கடைசி வரி வரை இரண்டு முறை படித்தேன். ஒன்றாம் நிலைக்கும் ஏழாம் நிலைக்கும் இடையே, எதிரி எப்படி யோசிக்கிறது என்பதை மாற்றுகிற ஒரு வரிகூட இல்லை. ஏழு நிலையிலும் அதே ஆள்தான் ஆடுகிறார். சட்டைப் பையில் இருக்கும் பணம் மட்டும்தான் வேறு.

இன்னொன்று. எதிரியின் பார்வைக்கு எட்டாத காட்டுக்குள் மூன்று குதிரைப்படைகளை ஒளித்து வைத்தேன். அந்தப் பக்கம் அவருடைய ஒற்றனும் இல்லை, காவல் கோபுரமும் இல்லை. சேமித்துவிட்டு ஆடினேன். சாலையில் வந்துகொண்டிருந்த அவர் படை அடுத்த சுற்றிலேயே காட்டை விட்டு விலகித் திரும்பியது. பழையபடி திறந்து குதிரைகளை வேறு இடத்துக்கு மாற்றினேன். படை திரும்பவில்லை. மறுபடி காட்டில் வைத்தேன், திரும்பியது. இப்படி ஐந்து முறை. படைகளின் கண்ணுக்கு எட்டாத இடத்தை மறைக்கும் பனிமூட்டம் எனக்கு மட்டும்தான், அவருக்குப் பட்டப்பகல். இத்தனையையும் பார்க்கிறவர் கவண்பொறியைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டில் அத்தை ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். திண்ணையில் கரியால் கோடு கிழித்து, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலிக்கு ஆட்டைத் தாண்டி வெட்டும் உரிமை உண்டு, ஆட்டுக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் சமமே இல்லை. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு உட்காரும்போதே இருவருக்கும் தெரியும். அத்தை என்னைத் தோற்கடிக்காத நாளே கிடையாது. பதினாறாவது புளியங்கொட்டையை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கணினியால் நன்றாக ஆட முடியாது என்று நீங்கள் சொல்லவும் முடியாது. டீப் புளூ என்ற சதுரங்கக் கணினி 1997 மே மாதத்தில் நியூயார்க்கில் உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்றது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. என் மகனின் பழைய கைபேசியில் ஓடி, என்னை இருபது நகர்வில் நசுக்குகிறது. சதுரங்கம் வேறு, போர் விளையாட்டு வேறு என்பது எனக்கும் தெரியும். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காயைத்தான் நகர்த்துகிறோம். உங்கள் ஆட்டத்தில் ஒரே சுற்றில் எல்லாப் படைகளையும் நகர்த்தலாம். அறுகோணக் கட்டங்களில் இரண்டு கட்டம் நகரக்கூடிய ஒரு படைக்கு, நின்ற இடத்தையும் சேர்த்து 19 கட்டங்கள். ஐந்து படை இருந்தாலே சேர்க்கைகள் 24 லட்சத்தைத் தாண்டிவிடுகின்றன. எல்லாவற்றையும் அலசிப் பார் என்று யாரும் கேட்கவில்லை. 2010இல் சிவிலைசேஷன் 5 என்ற வியூக விளையாட்டு வந்தபோது ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அதுவரை மொத்தமாக அடுக்கிக்கொண்டு வந்த கணினி, அதற்குப் பிறகு சந்தைக்கூட்டத்தில் வழி தெரியாதவன்போல் தடுமாறியது. பிறகு அந்த விளையாட்டின் மூல நிரலின் ஒரு பகுதி ரசிகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வோக்ஸ் பாப்புலி என்ற பெயரில் ரசிகர்களே கூடிப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறார்கள். அதில் கணினி எதிரி எவ்வளவோ தேறியிருக்கிறது. சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை அது.

2019இல் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் விளையாட்டில் மிக உயர்ந்த கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டியது. தரவரிசையில் இருந்த மனித ஆட்டக்காரர்களில் 99.8 சதவீதத்தினருக்கு மேலே நின்றது. மனிதர்களைப் போலவே திரைக்குள் தெரிவதை மட்டும் பார்த்து, கையின் வேகத்துக்கும் வரம்பு வைத்துக்கொண்டு ஆடியது. அதன் பின்னால் இருந்த கணினிப் பலமும் பணமும் உங்களிடம் இருக்காது. அந்த அளவுக்கு எனக்கு வேண்டவும் வேண்டாம். கவண்பொறிக்கு முன்னால் ஒரு காலாட்படையை நிறுத்து, அடிபட்ட படையைப் பின்னுக்கு இழு, எல்லோரும் வந்து சேரும்வரை தாக்காதே. இவ்வளவுதான். இவை ஆராய்ச்சி அல்ல, தெருவில் கபடி ஆடுகிற பையனுக்குத் தெரிந்தவை. பெரிய வரைபடத்தில் எதிரிகளின் முறை முடிய இப்போதே நாற்பது விநாடி காத்திருக்கிறேன். அந்த நாற்பது விநாடியில் அது எதைத்தான் யோசிக்கிறது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

என் முதல் புகாருக்கு நான்காம் நாள் பதில் வந்தது. பெரும்பாலானவர்கள் எளிய நிலைகளில்தான் ஆடுகிறார்கள், ஜெயிக்கத்தான் விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மறுக்கவில்லை. என் மகனுக்குப் பதினொரு வயது. இரண்டாம் நிலையில் ஆடி ஜெயித்துவிட்டு வீடு முழுக்க ஓடுகிறான். அவனோடு ஆடும்போது நானும் தெரியாததுபோல் விட்டுக்கொடுக்கிறேன். விட்டுக்கொடுக்கிற எதிரியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஏழாம் நிலைக்கு 'மாமன்னர்' என்று பெயர் வைத்து, அங்கேயும் அதே ஆளை உட்கார வைத்திருக்கிறீர்களே என்றுதான் கேட்கிறேன்.

அதே பதிலில் இரண்டு யோசனைகள். ஒன்று, கடின நிலையைக் கூட்டுங்கள். நான் ஆடுவதே கடைசி நிலை என்று புகாரின் முதல் வரியில் எழுதியிருந்தேன். இரண்டு, இணையத்தில் மனிதர்களோடு ஆடுங்கள். உங்கள் ஆட்டம் ஒன்று முடிய எனக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. இரவு ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்கிறவனுக்காக, ஒன்பது நாள் எதிரே உட்கார்ந்திருக்கப்போகும் அந்நியர் யார்? இரண்டு முறை முயன்றேன். இரண்டு பேரும் முதல் கோட்டை விழுந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். நான் பம்புகளுக்கு புஷ் என்ற உலோக வளையங்களைக் கடைந்து கொடுக்கிறேன். அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பெட்டியோடு திரும்பி வரும். 'நீங்கள் துளையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்' என்று நான் பதில் எழுதினால் அடுத்த மாதம் பட்டறைக்குப் பூட்டுதான்.

பணத்தைத் திரும்பக் கேட்க வழியில்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் விதி. கடைக்காரர் பக்கம் அது நியாயமான விதிதான். எதிரிக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியவே முப்பது மணி நேரம் ஆயிற்று. முதல் முப்பது மணி நேரம் எனக்கே விதிகள் சரியாகத் தெரியாததால், இருவரும் சமமாக இருந்தோம்.

எனவே நான் கேட்பது பணம் அல்ல. ஒவ்வொரு நிலையிலும் எதிரிக்கு என்னென்ன சலுகை கொடுக்கிறீர்கள் என்று, அந்த நிலையைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே எழுதிவிடுங்கள். 'உற்பத்தி 1.9, பனிமூட்டம் கிடையாது' என்று நேராகப் போடுங்கள். தெரிந்தே ஆடுகிறேன். எந்தச் சலுகையும் இல்லாமல், ஆனால் தன்னால் முடிந்த மட்டும் யோசித்து ஆடுகிற ஒரு நிலையைத் தனியாகக் கொடுங்கள். அதில் நான் எளிதாக ஜெயித்தாலும் புகார் எழுத மாட்டேன். உங்களுக்கு நேரமில்லை என்றால் எதிரியின் நிரலையாவது திறந்துவிடுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் கணினி எப்படி ஆட வேண்டும் என்பதைச் சாதாரண உரைக்கோப்பில் எழுதி வைத்தால் போதும். அன்றைக்கே ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு எதிரியை எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இவை எதுவும் முடியாது என்றால், விற்பனைப் பக்கத்தில் 'கற்றுக்கொண்டு' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த விரிவாக்கத் தொகுப்பில் புதிதாக நான்கு நாடுகளும், பதினெட்டுப் படைவகைகளும் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். பதில் வரும்வரை அதை வாங்குவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: 143ஆம் சுற்றில் சேமித்த ஆட்டக் கோப்பு. திறந்ததும் ஆற்றின் வடகரையைப் பாருங்கள். என் படை எதையும் தொடாமல் சுற்றை மட்டும் முடித்துக்கொண்டே வாருங்கள். அந்த ஒன்பதாவது கவண்பொறி முதலில் கிழக்கே போகும்.