ஜூலை மாதத்தில் நான்கு தாள்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை 'வரலாற்றில் இன்று' வாசிப்பது உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் போய், காலையில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டேன். வாசித்த பிள்ளைக்கே ஆண்டு மட்டும்தான் நினைவிருந்தது. குறை பிள்ளைகள்மீது இல்லை. தினம் ஒரு தேதியை அள்ளிப் போட்டது நாங்கள்தான்.

அதனால் இந்த ஜூலையில் நான்கே நாட்களை எடுத்துக்கொள்கிறோம். வீட்டு காலண்டரில் அந்த நான்கு தாள்களைக் கிழிக்கும்போது மட்டும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ஜூலை 10. 1806-இல் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நாள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று கம்பெனி ராணுவம் போட்ட உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்தது. திப்பு சுல்தானின் குடும்பத்தாரும் அப்போது அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சில மணி நேரத்தில் அடக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங் பதவியிழந்து திரும்பினார். 1857-க்கு 51 ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் வேலூருக்குப் போய்க் கோட்டையையும் அகழியையும் பார்த்த பிள்ளைக்கு அது வேறு மாதிரிப் பதியும். அந்தப் பக்கம் போகிறவர்கள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

15-ஆம் தேதி காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். சிறு வயதிலேயே படிப்பை விட நேர்ந்த அவர், முதலமைச்சராகி மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் சாப்பிட்டுப் படித்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அன்று தட்டில் என்ன விழுந்தது என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த நாளைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. 94 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள்.

நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வேறொரு ஊர். நான் பாடம் நடத்திய அறைக்கும் கீற்றுதான் கூரை. செய்தி வந்த அன்று மாலை அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். ஒரு நாள்கூட அதைப் பற்றி யோசித்ததில்லையே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. நம் பள்ளியில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில்கூட ஓலை இல்லாததற்கும், சமையலறை வகுப்பறைகளை விட்டுத் தள்ளி இருப்பதற்கும் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வளாகத்தில் நடமாடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று ஆசிரியர்களுக்குள் நிறையப் பேசினோம். ஆறாம் வகுப்புக்கு மேல் நடந்ததைச் சொல்வோம். படங்கள் காட்ட மாட்டோம். ஐந்தாம் வகுப்பு வரை, மணி விடாமல் அடித்தால் எந்த வழியாக வெளியே வர வேண்டும் என்று நடந்து பழகுவது மட்டும். உங்கள் பிள்ளை அன்று இரவு ஏதாவது கேட்டால், பேச்சை மாற்றாமல் பதில் சொல்லுங்கள்.

அப்புறம் ஜூலை 18. தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள். 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்து விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கியதும் ஒரு ஜூலையில்தான், 1956-இல், 27-ஆம் தேதி. அக்டோபர் 13-இல் உயிர் துறந்தார். மொழிவழி மாநிலம் அமைந்த நவம்பர் 1-ஐத்தான் மாநிலத்தின் நாளாகக் கொண்டாட வேண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டு தேதிகளையும் பிள்ளைகள் முன் வைத்து, ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவாதம் நடத்தப்போகிறோம்.

1969-க்கு முந்தைய பழைய பள்ளிச் சான்றிதழோ பத்திரமோ வீட்டில் இருந்தால், எடுத்துப் பாருங்கள். மாநிலத்தின் பழைய பெயர் அதில் இருக்கும். நகல் எடுத்து 17-ஆம் தேதிக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்; அசல் வேண்டாம்.

16-ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு மௌனம் காப்போம், உடனே தீத்தடுப்புப் பயிற்சி. அன்று மணி விடாமல் அடிக்கும், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பதற வேண்டாம். வர முடிந்தவர்கள் வந்து பிள்ளைகளோடு நில்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்