சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விடுதி மெஸ் சாப்பாடு பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் வந்திருந்தது. திங்கள்கிழமை ரவா உப்புமா, செவ்வாய்க்கிழமை தண்ணீர் சாம்பார் என்று வாரம் முழுக்க வரிசையாகச் சொல்லி, கடைசியில் பழியைச் சமையல்காரர்கள் தலையில் போட்டிருந்தார். உப்புமா விஷயத்தில் அந்தத் தம்பிக்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. சமையல்காரர் விஷயத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வட சென்னையில் ஒரு தனியார் கல்லூரி விடுதியில் 1988-இல் ஸ்டோரில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்டோர் கீப்பராக 2024-இல் ஓய்வு பெற்றவன். அரிசி மூட்டையை எண்ணி இறக்குவது, பருப்பை எடை போட்டுச் சமையல் மாஸ்டரிடம் கொடுப்பது, மாதக் கடைசியில் மெஸ் பில் போடுவது, இவைதான் என் வேலை. கரண்டி பிடித்ததில்லை. அதனால் சக சமையல்காரனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். சோற்றில் சோடா உப்பு போடுகிறார்கள், அதனால்தான் கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு அடைக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் சீனியர்கள் புதுப் பையன்களுக்குச் சொல்லிவைப்பார்கள். என் ஸ்டோரிலிருந்து சோடா உப்பு போனது கொண்டைக்கடலை வேகத்தான். சோறு கனப்பதற்குக் காரணம், ஆவியில் வெந்த சோறு மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் தன் எடையிலேயே அமுங்கிக் கிடப்பது. இட்லியும் அப்படித்தான். ஏழு மணிக்கு வருபவனுக்கு அப்போது இறக்கிய ஈடு கிடைக்கும். மெஸ் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவனுக்கு ஹாட் பாக்ஸில் வியர்த்துப்போன இட்லிதான். புகார்ப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதுபவனும் இவன்தான். அப்புறம், மாஸ்டர் ஒடிசாக்காரர், அவருக்கு நம் குழம்பு எப்படித் தெரியும் என்று ஒரு குறை. எங்கள் மெஸ்ஸில் கடைசியாக இருந்த ஒடிசாத் தம்பி வைத்த வத்தக்குழம்பை என் வீட்டுக் குழம்போடு ஒப்பிட்டு நான் இங்கே எழுத மாட்டேன். எனக்கு ராத்திரி வீட்டில் சோறு வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெஸ் சாப்பாட்டின் தரம் ஏறுவதும் இறங்குவதும் மெஸ் பில் எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம் இருந்தது. மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, கையிருப்பைக் கழித்து, அந்த மாதம் எல்லா மாணவர்களும் சாப்பிட்ட மொத்த நாள்களால் வகுப்போம். செலவு 4 லட்சம், சாப்பிட்ட நாள் 5,000 என்றால் ஒரு நாளுக்கு 80 ரூபாய். 25 நாள் சாப்பிட்டவன் 2,000 கட்டுவான். ஊருக்குப் போகிறவன் முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் மெஸ் கட், அந்த நாள்கள் அவன் கணக்கில் வராது. பில் நோட்டீஸ் போர்டில் ஏறும் அன்றைக்கு அங்கே தேர்த் திருவிழா கூட்டம் நிற்கும். போன மாதத்தைவிடப் பத்து ரூபாய் ஏறியிருந்தால் மெஸ் செக்ரட்டரியாக இருக்கும் மாணவனைப் பிடித்து உலுக்குவார்கள். அவன் வந்து என்னை உலுக்குவான். நான் கொள்முதல் நோட்டை அவன் முன்னால் விரித்துவைப்பேன்.

கொத்தவால் சாவடியில் காய்கறி மொத்தச் சந்தை இருந்தவரை எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. விடியும் முன்னே போய், கத்திரிக்காயோ முள்ளங்கியோ எது மலிவோ அதைப் பேரம் பேசி, மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம். செக்ரட்டரிப் பையன்கள் முறைபோட்டுக் கூட வருவார்கள், தூக்கக் கலக்கத்தில் வண்டி மேலேயே உட்கார்ந்து திரும்புவார்கள். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. ஊருக்கு நல்லதுதான், அந்தத் தெருக்களில் நடக்கவே முடியாது. ஆனால் வட சென்னை மெஸ்களுக்குச் சந்தை தூரமாகிவிட்டது. போய்ப் பார்த்து வாங்குவது குறைந்து, சப்ளையர் கொண்டுவந்து இறக்குவதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. அரிசி மட்டும் செங்குன்றத்திலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது.

மீன் எங்கள் கைக்குள்ளேயே இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் மீன் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும் என்று கேட்டார்கள். ஞாயிறு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்க இடமிருக்காது, விலையும் ஏறிவிடும். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் அப்போது மாணவர்களின் மெஸ் கமிட்டியில் இருந்தான். மீன் நாளைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொன்னவன் அவன்தான். செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது வேணாம் அண்ணே, நேத்து மீன்" என்று கூடையைத் தள்ளுவான். அவன் இருந்தவரை கானாங்கெளுத்தியில் எங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த நாள்களில் மீன் கிடையாது, முட்டைதான். பரீட்சை நேரமும் அதுவே என்பதால் பையன்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி எங்கோ போய்விட்டது. எகிப்திலிருந்து இறக்குமதி செய்த வெங்காயமெல்லாம் வந்தது ஞாபகமிருக்கும். கமிட்டியைக் கூட்டி விலையைச் சொன்னோம். பச்சடி நிறுத்தம், உப்புமாவுக்குப் பதில் பொங்கல், சாம்பாரில் வெங்காயத்துக்குப் பதில் பூசணிக்காய், ஞாயிறு பிரியாணிக்கு மட்டும் வெங்காயம் என்று அவர்களே முடிவு செய்து போர்டில் எழுதிப் போட்டார்கள். அந்த மாதம் புகார்ப் புத்தகத்தில் பெரிதாக எதுவும் ஏறவில்லை. உப்புமா நின்றதற்கு வெங்காயத்துக்கு நன்றி சொல்லி ஒருவன் எழுதியிருந்தான்.

கொரோனாவுக்குப் பிறகு விடுதி திறந்தபோது மெஸ் கான்ட்ராக்டுக்குப் போனது. தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வருடத் தொடக்கத்தில் பேசி முடித்துவிடுவார்கள். நிர்வாகத்துக்குத் தலைவலி இல்லை. என் ஸ்டோர் சாவி கான்ட்ராக்டர் ஆள் கைக்குப் போய், சாப்பிட வருபவர்கள் கொடுக்கும் டோக்கனை எண்ணும் வேலை எனக்குக் கொடுத்தார்கள். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்ற நேரம். எங்கள் மெஸ்ஸில் யாரும் யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. ரசத்திலிருந்து தக்காளி போனது, சட்னி நிறம் வெளுத்தது, அவ்வளவுதான். விலை இறங்கிய பிறகும் தக்காளி முழுசாகத் திரும்பி வரவில்லை. துவரம் பருப்பு இருந்த இடத்தில் பாதி மைசூர் பருப்பு வந்தது. தேங்காய்ச் சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை அதிகம். இதில் எதுவும் மாஸ்டர் செய்ததில்லை. அவர் கையில் கொடுத்ததை அவர் வேகவைத்தார்.

கான்ட்ராக்டர் எல்லோரையும் கெட்டவர் என்று சொல்லவில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. டோக்கன் எண்ணிய காலத்தில்தான் இது எனக்கு உறைத்தது. விடுதியில் 500 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 150 பேர் சாப்பாடு பிடிக்காமல் வெளியே போய்விட்டால், 500 பேருக்கும் காசு வாங்கியவர் 350 பேருக்குச் சமைத்தால் போதும். சாப்பாடு மோசமாக மோசமாக அவருக்குச் செலவு குறைகிறது. டிவைடிங்கில் இது நடக்காது. மீந்துபோன சோறு எல்லோர் பில்லிலும் ஏறும், அதனால் மறுநாளே சண்டை வரும்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் கேட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் ஸ்விக்கி, சொமேட்டோ வண்டிகள். இன்னொரு பக்கம் பையன்கள் கும்பலாகப் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போவார்கள். அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிட வேண்டிய சாப்பாடுதான், நானே போவேன், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நம் பக்கத்துக்குக் கொடுத்த வரம் அது. ஆசைக்குப் போவது வேறு, பசிக்குப் போவது வேறு. மெஸ்ஸுக்கும் கட்டிவிட்டு வெளியேயும் கொடுக்கும் பையனின் அப்பா பொன்னேரியில் கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார். காசில்லாதவன் அறையில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுப்பான். இதற்கு மேல் வரி வேறு. சமைத்துக் கொடுக்கும் வேலைக்கு மேல்நிலைப் பள்ளி வரைதான் ஜி.எஸ்.டி. விலக்கு, கல்லூரிக்கு வெளியாள் சமைத்துக் கொடுத்தால் வரி உண்டு. அதையும் பையன் தலையில்தான் கட்டுவார்கள்.

பழைய முறை தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. டிவைடிங்கில் சப்ளையரோடு ஸ்டோர்காரன் கைகோத்தால் யாரும் கண்டுபிடிப்பது கஷ்டம். என்னையும் அப்படிச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, படட்டும், அதற்குத்தான் நோட்டு. வசதியான வீட்டுப் பையன்கள் கமிட்டிக்கு வந்துவிட்டால் அது இன்னொரு தொல்லை. ஒரு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் சிக்கன், பனீர், ஐஸ்கிரீம் என்று போட்டார்கள். மாணவர்கள் கொண்டாடினார்கள், பில் வந்ததும் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்கள். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வார்டன் உச்சவரம்பு போட்ட பிறகுதான் அது அடங்கியது. அதனால் உச்சவரம்பு இல்லாத டிவைடிங்கை நான் கேட்க மாட்டேன்.

அரசு விடுதிகளிலாவது தொகை வெளிப்படை. கல்லூரி மாணவருக்கு உணவுச் செலவு மாதம் 1,100 ரூபாயாக இருந்ததை 2023-இல் 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு அது போதுமா என்று யாரும் கூட்டிப் பார்த்துச் சண்டை போடலாம், ஏனென்றால் எண் கையில் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் யார் பெயரில் கல்லூரி இருக்கிறதோ அந்தத் தியாகராயர், 1920-இல் சென்னை மாநகராட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொண்டுவந்தபோதும், ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். தனியார் கல்லூரி மெஸ்ஸில் வருடத்துக்கு இவ்வளவு கட்டு என்று ஒரே ரசீதாகக் கொடுக்கிறார்கள். அதில் பருப்புக்கு எவ்வளவு, கான்ட்ராக்டருக்கு எவ்வளவு என்று கட்டுகிறவனுக்குத் தெரியாது.

கான்ட்ராக்டை ஒழிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. பழைய மாதிரி ஸ்டோர் நடத்த ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்கே தெரியும். பணத்தைச் சேர்ந்திருக்கும் தலைக்குக் கொடுக்காமல், சாப்பிட்ட தட்டுக்குக் கொடுக்கட்டும். டோக்கனோ கைரேகையோ ஏதோ ஒன்று எல்லா மெஸ்ஸிலும் இருக்கிறது, எண்ணிக்கை ஏற்கெனவே பதிவாகிறது. குறைந்தபட்சம் இவ்வளவு தட்டு என்று கான்ட்ராக்டருக்கு ஓர் உறுதி கொடுத்துவிட்டு, அதற்கு மேல் தட்டுக்குத் தட்டு என்று வைத்தால், வெளியே போன பையனை உள்ளே இழுக்க அவரே சட்னியில் தேங்காய் போடுவார். அன்றைக்கு வந்த சரக்கு என்ன, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு போர்டில் சாக்பீஸால் எழுதட்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் அலுவலக அலமாரியில் பூட்டாமல் அங்கேயே மாட்டட்டும். பொரித்த எண்ணெயை எத்தனை முறை சுட வைக்கிறார்கள் என்று கமிட்டி மாணவர்கள் அடுப்படிக்குள் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். முக்கியமாக, கமிட்டியில் முதலாண்டு மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும். சீனியர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்ச் சாப்பிட்டுவிடுவார்கள், மூன்று வேளையும் மெஸ்ஸே கதி என்று இருப்பது புதுப் பையன்தான்.

உங்களுக்கு எழுதிய அந்தத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உப்புமாவைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டுப் பயனில்லை. நேற்று இரவு எத்தனை பேருக்குப் பணம் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று விடுதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்கட்டும். அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம். தனியார் கல்லூரியில் அது எடுபடாது. அங்கே பெற்றோர் கூட்டத்தில் அப்பாவையோ அம்மாவையோ எழுந்து கேட்கச் சொல்லட்டும். நான் வேலை பார்த்தவரை மாணவன் கேட்ட கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லத் தயங்கியதுண்டு, கட்டணம் கட்டுகிற பெற்றோர் கேட்டால் மறுநாளே என்னைக் கூப்பிட்டு நோட்டை எடுத்துவரச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
கி.ப.,
ஓய்வு பெற்ற விடுதி ஸ்டோர் கீப்பர்,
தண்டையார்பேட்டை, சென்னை.