இசுருபாயவிலும் ஒரு சம்பவத் திரட்டு வேண்டும்

கல்வி அமைச்சுக்கும் தேசிய கல்வி ஆணைக்குழுவுக்கும்,

வணக்கம். மலையகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான்.

எங்கள் பாடசாலைகளில் அதிபரின் லாச்சியில் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். ஆசிரியர் பிந்தி வந்தால் அதில் ஏறும். காற்றில் கூரைத்தகடு பறந்தாலும் ஏறும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் குறை சொன்னால் அவர் கையெழுத்தோடு ஏறும். பத்து வருடம் கழித்துப் புரட்டினாலும் அன்றைக்கு யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவில் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா?

ஆறாம் தர ஆங்கிலப் பாட மொடியூல் புத்தகத்தில் தகாத இணையத்தள முகவரி ஒன்று அச்சாகி, 2026இல் தொடங்கவிருந்த அந்தத் தரத்தின் புதிய கல்விச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு வரிக்கு யார் பொறுப்பு என்று தேடுகிறீர்கள். நல்லது, தேடுங்கள். ஆனால் முழுச் சீர்திருத்தங்களே கவிழ்ந்தபோது யாரும் தேடவில்லையே.

1972 சீர்திருத்தத்தில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எடுத்துவிட்டுத் தே.க.பொ.த. என்ற தேசியப் பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். நானும் அதை எழுதியவன்தான். ஊர்த் தொழிலைப் பாடமாக்கும் யோசனை அதில் இருந்தது. எங்கள் வகுப்புக்கு மரவேலை. உளி நான்கு, பிள்ளைகள் நாற்பது. 1977இல் ஆட்சி மாறியது, சாதாரண தரம் திரும்பி வந்தது. யோசனை பிழையா, உளி போதாததா? எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

அப்புறம் 1997 சீர்திருத்தம், அதோடு பாடசாலை மட்டக் கணிப்பீடு. இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிள்ளையையும் தவணை முழுக்கக் கவனித்துப் புள்ளியிட வேண்டும் என்பது திட்டம். எனக்கு மூன்று வகுப்பு, அதோடு ஆளில்லாத விஞ்ஞானப் பாடமும் என் தலையில். வலயத்திலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்தால் முதல்நாள் இரவு குசினி மேசையில் உட்கார்ந்து அத்தனை கட்டத்தையும் நிரப்புவேன். வந்தவரும் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்த்தார். அவருக்கும் மேலே ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருந்தது, பாவம். எல்லோரும் கணக்குக் காட்டினோம், பிள்ளைக்குப் பின்னம் விளங்கியதா என்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

பொறுப்பைப் பிரித்து வைத்திருக்கும் விதமும் அப்படி. கொள்கையை ஆணைக்குழு சிபாரிசு செய்யும். பாடத்திட்டம் மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில். புத்தகத்துக்கு வெளியீட்டுத் திணைக்களம், பரீட்சைக்கு இன்னொரு திணைக்களம். நாட்டிலுள்ள சுமார் 10,000 பாடசாலைகளில் மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள் சில நூறுதான். மற்றவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கீழ். தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால் கொழும்பு மாகாணத்தைக் காட்டும், மாகாணம் கொழும்பைக் காட்டும். கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்பவர் அதிபர். ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, இடமாற்றத்தை நிறுத்தும் அதிகாரமும் இல்லை.

புதிய சீர்திருத்தத்தை நான் எதிர்க்கவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்காகப் பத்து வயதுப் பிள்ளை இரவு டியூசன் போவதைப் பார்த்த எவரும் மாற்றம் வேண்டாம் என்று சொல்லமாட்டார். 2027 ஜனவரிக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். 1972இலும் 1997இலும் எது நடந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வெளியிடுங்கள். புதிய திட்டத்தின் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பதவியையும் ஒரு திகதியையும் போடுங்கள். அந்த வேலை நடக்கவில்லையென்றால் அதையும் அதே பக்கத்தில், கையெழுத்தோடு.

தமிழ்ப் பிரதியும் சிங்களப் பிரதி வெளிவரும் அதே நாளில் வரட்டும். தமிழ் ஆசிரியர் வழிகாட்டிக்காகத் தவணை பாதி காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்