ஸ்டாண்ட்பை: சிப்பின் கணக்கு வேறு, போர்டின் கணக்கு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

மைக்ரோகன்ட்ரோலர்கள் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்கள்) பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, ஸ்டாண்ட்பை என்னும் ஆழ்ந்த தூக்க நிலையில் போட்டால் 2 மைக்ரோ ஆம்பியர்தான் செலவு, பட்டன் செல் ஒன்றே 12 ஆண்டு தாங்கும் என்கிறது. எஸ்டிஎம்32எஃப்103 என்ற சிப்புக்கு அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக்குறிப்பு) சொல்வதும் ஏறக்குறைய அந்த அளவுதான். சிஆர்2032 பட்டன் செல்லின் 220 மில்லி ஆம்பியர்-மணியை அதால் வகுத்தால் கணக்கும் சரியாக வரும். ஆனால் அது சிப்புக்கு மட்டுமான கணக்கு.

ஒரு கதவு சென்சார் போர்டை எடுத்துக்கொள்வோம்: கதவு மூடியிருக்கும்போது மின்சுற்றின் கிரவுண்டோடு இணைந்திருக்கும் ஒரு ரீட் சுவிட்ச் (காந்தத்தால் இயங்குவது), அதற்கு 10 கிலோ ஓம் புல்-அப் (பின்னை உயர்நிலைக்கு இழுக்கும் மின்தடை). இது ஒன்றே 3 வோல்ட்டில் 300 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும்; செல் ஒரு மாதம்தான் வரும். 1 மெகா ஓம் போட்டால் 3 மைக்ரோ ஆம்பியரில் முடியும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இன்னும் மோசம். ஏஎம்எஸ்1117 தன் பங்குக்கே சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். அதைப் போர்டில் வைத்துக்கொண்டு, பவர் எல்இடியையும் எரியவிட்டு, நிரலைத் திருத்திப் பயனில்லை. எம்சிபி1700 போன்ற ரெகுலேட்டர் 2 மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கும்.

பலர் கவனிக்காதது: இந்தச் சிப் ஸ்டாண்ட்பைக்குள் போனதும் வெளியீட்டுப் பின்கள் எல்லாம் விடுபட்டு மிதக்கும். சென்சாருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்ச்சின் கேட் (கட்டுப்பாட்டு முனை) அப்படி ஒரு பின்னில் இருந்தால், அது பாதி திறந்து கசியும். கேட்டை அணைந்த நிலைக்கு இழுத்துப் பிடிக்க 1 மெகா ஓம் மின்தடை கட்டாயம் வேண்டும்.

தூங்கப்போன உடனே விழித்துக்கொள்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் பழைய விழிப்புக் கொடிதான் (விழிப்பு நேர்ந்ததைக் குறிக்கும் பிட்) காரணம். சிப்பை எழுப்பும் டபிள்யூகேயூபி பின் ஏற்கெனவே உயர்நிலையில் இருக்கையில் அதை இயக்கினாலும் கொடி ஏறிவிடும். ஆகவே வரிசை முக்கியம்: பின் தாழ்நிலையில் இருப்பதை உறுதி செய்து முதலில் அதை இயக்குங்கள். பிறகு கொடியை அழியுங்கள். அதன்பின் ஸ்டாண்ட்பையைத் தேர்ந்தெடுக்கும் பிடிடிஎஸ், ஸ்லீப்டீப் பிட்களை ஏற்றி, கடைசியாகத் தூங்கச் சொல்லும் டபிள்யூஎஃப்ஐ கட்டளை. நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் தனி வாட்ச்டாக் டைமரை ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. ஸ்டாண்ட்பையிலும் ஓடி, அதிகபட்சம் சுமார் 26 நொடியில் சிப்பை ரீசெட் செய்துவிடும்.

விழித்ததும் நிரல் விட்ட இடத்தில் தொடராது, முதலிலிருந்தே ஓடும். ராம் அழிந்திருக்கும். இந்தச் சிப்பின் சி8 வகையில் மிஞ்சுவது பேக்கப் ரெஜிஸ்டர்களின் 20 பைட் மட்டுமே. ராமிலுள்ள தரவைக் காக்க வேண்டுமானால் ஸ்டாப் என்னும் மற்றொரு தூக்க நிலையே ஏற்றது. மின்செலவு கூடினாலும் ராம் அப்படியே இருக்கும். ஆனால் அதிலிருந்து எழும்போது சிப்பின் கடிகாரத் துடிப்பு 8 மெகாஹெர்ட்ஸ் உள் அலையியற்றிக்கு மாறியிருக்கும். திரும்ப அமைக்காவிட்டால் சீரியல் போர்ட்டில் குப்பைதான் வரும்.

அளக்கும்போது டீபக்கரை (நிரலில் பிழை தேடும் கருவி) கழற்றிவிடுங்கள்; டீபக் பிட் ஏறியிருந்தால் ஸ்டாண்ட்பையிலும் கடிகாரம் நிற்காது. மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவில் உள் ஷன்ட் (அளவிடப் பயன்படும் மின்தடை) 100 ஓமாக இருந்தாலே, சிப் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் கணத்தில் 2 வோல்ட் அங்கேயே விழுந்து ரீசெட் ஆகும். மீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் (இணைப்புக் கம்பி) போட்டுத் தொடங்குங்கள். சிப் தூங்கிய பின் அதை எடுத்துவிட்டு அளவைப் படியுங்கள்; எழுவதற்குள் மறுபடி போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
வன்பொருள் வடிவமைக்கும் வாசகர்