கூடாரத்தைப் பிரிக்கும் முன்: நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களே, மன்ற உறுப்பினர்களே,

வணக்கம். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்குகின்றன, அலுவலகக் கட்டடங்கள் பாதி காலியாகக் கிடக்கின்றன, இருட்டிய பிறகு நகரின் நடுப்பகுதிக்குப் போக ஆட்கள் யோசிக்கிறார்கள். இப்படிப்பட்ட நகரங்கள் இன்று உலகில் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றின் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். நடைபாதையில் படுத்திருப்பவர்களை என்ன செய்வது என்று பேச்சு வரும்போதெல்லாம் பாதுகாப்பு ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம் என்று மன்றம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்றைச் செய்யாமல் இன்னொன்றைச் செய்யவே முடியாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில், பயப்படுகிறவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டும் கூட்டத்தில் நான் இல்லை. ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸுக்குத் தனியாக நிற்கிற பெண்ணின் பயம் உண்மை. தினமும் காலையில் வாசலைக் கழுவிவிட்டுத்தான் கடையைத் திறக்க முடியும் என்கிற நிலையில் இருப்பவரின் சலிப்பும் உண்மை. அவர்கள் உங்களிடம் கேட்பது நியாயம். அவர்கள் பெயரைச் சொல்லி நீங்கள் செய்கிற வேலை அவர்களுக்கே உதவவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கூடாரங்களைப் பிரித்து ஆட்களைத் துரத்துகிற அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். விடியற்காலையில் போலீஸும் துப்புரவு லாரியும் வரும். எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் தருவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. தார்ப்பாய், போர்வை, பை எல்லாம் லாரியில் ஏறிவிடும். அந்தப் பைக்குள் அடையாள அட்டை இருக்கும், சர்க்கரைக்கோ வலிப்புக்கோ சாப்பிடுகிற மாத்திரை இருக்கும், களப்பணியாளர் அழைக்கக்கூடிய ஒரே போன் இருக்கும். அட்டை இல்லாமல் வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. புது அட்டை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் அட்டையைக் கேட்பார்கள். மாதக்கணக்காகக் காத்திருந்த வீட்டு வரிசையில் கடைசியில் அவர் முறை வந்து, அதைச் சொல்லக் களப்பணியாளர் தேடி வரும்போது அந்த இடத்தில் ஆள் இருக்க மாட்டார். முறை அடுத்தவருக்குப் போய்விடும். அவர் இரண்டு தெரு தள்ளி, இன்னும் கொஞ்சம் இருட்டான ஒரு சந்தில், முன்பைவிட மோசமான உடம்போடு படுத்திருப்பார். உங்கள் அறிக்கையிலோ இது 'அகற்றப்பட்டது' என்று வெற்றிக் கணக்கில் ஏறியிருக்கும்.

2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தின் வழக்கில், பொது இடத்தில் படுப்பதற்கு அபராதம் போடுவது அரசியல் சட்டம் தடைசெய்கிற கொடூரமான தண்டனை ஆகாது என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. படுக்க வேறு இடம் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். சரி, சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அபராதம் கட்டக் காசு இருந்தால் அவர் ஏன் அங்கே படுக்கிறார்? கட்டாத அபராதம் பதிவில் ஏறும், அப்புறம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு முடியாது என்பார்.

எல்லாம் போதையால் வந்தது என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். போதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவிலேயே போதையால் மிக அதிகம் சாகிற மாநிலங்களில் ஒன்று மேற்கு வர்ஜீனியா. அங்கே தெருவில் படுப்பவர்கள் கலிபோர்னியாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, காரணம் வாடகை குறைவு. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஊரின் இடைநிலை வாடகை 100 டாலர் கூடுகிற இடத்தில் வீடற்றோர் விகிதம் 9 சதவீதம் கூடுவதைக் கண்டது. வீடுகள் பற்றாக்குறை ஆகும்போது முதலில் வெளியே விழுபவர் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பவர். அவர் தள்ளாட்டம் மட்டும் நம் கண்ணில் படுகிறது, வாடகை படுவதில்லை.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில், ஆல்பிகாட்டு தெருவில், சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பின் பெரிய விடுதி ஒன்று இருந்தது. சுமார் 250 பேர் வந்து படுத்துவிட்டுப் போகிற இடம். பின்லாந்து 2008ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அதைப் புதுப்பித்து, 80 சொச்சம் தனி வீடுகளாக மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தச் சாவி, சொந்த வாடகை ஒப்பந்தம், கீழ்த்தளத்தில் உதவிக்குப் பணியாளர்கள். குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் வீடு தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பு இல்லாமல் இருந்ததா? அக்கம்பக்கத்தவர் கவலைப்பட்டார்கள்தான். அதே பின்லாந்தில் வீட்டு உதவித்தொகையைக் குறைத்த பிறகு, 2024ல், பல ஆண்டுகள் குறைந்துவந்த எண்ணிக்கை மறுபடி கூடியது என்பதையும் கவனியுங்கள். இது ஒரு தடவை செய்துவிட்டுக் கைகழுவுகிற வேலை கிடையாது.

கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநலச் சிக்கல் உள்ள சுமார் 2,000 வீடற்றவர்களை வைத்து, முதலில் வீடு தருகிற இந்த முறையைச் சோதித்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு தரப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர் முழு நேரமும் வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான உதவி பெற்றவர்களில் 31 சதவீதம்தான். போதைப் பழக்கம் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது, அதையும் மறைக்கக் கூடாது. வீடு போதையைத் தீர்த்துவிடாது, சிகிச்சைக்குத் தனியாகச் செலவு செய்தே ஆக வேண்டும். ஆனால் முகவரி இல்லாதவருக்கு எந்த டாக்டர் எங்கே சிகிச்சை தொடர்வார்?

அமெரிக்க நகரமான ஹூஸ்டனைச் சொன்னால் பணக்கார ஐரோப்பிய நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்ததை விட்டுவிட்டு ஒரே பட்டியலுக்கு வந்தன, 2011க்குப் பிறகு வீடற்றோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அவர்களும் கூடாரங்களைப் பிரித்தார்கள், முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு வீடு ஏற்பாடு செய்துவிட்டு.

இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும், நாளைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கழிப்பறை கட்டுங்கள், அல்லது இருக்கிறதைப் பூட்டாமல் வையுங்கள். 2016ல் தொடங்கி சான் டியாகோவில் கல்லீரல் அழற்சி ஏ பரவியபோது, பாதிக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 600 பேர், இறந்தவர்கள் 20 பேர். தெருவில் இருப்பவர்களுக்குக் கழிப்பறையும் கை கழுவ இடமும் இல்லாதது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆட்கள் செத்த பிறகுதான் தெருவில் குழாயும் தொட்டியும் வைத்தார்கள். விளக்கு போடுங்கள். நியூயார்க்கில் 2016ல் பொதுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்ததில், இரவில் வெளியே நடக்கிற கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. பஸ்ஸுக்கு நிற்கிற அந்தப் பெண்ணுக்கு இதைவிட வேகமாக நீங்கள் எதையும் தர முடியாது. அப்புறம், தன்னோடு தானே பேசிக்கொண்டு நடுரோட்டில் நிற்பவரிடம் துப்பாக்கி வைத்த போலீஸை அனுப்பாதீர்கள். டென்வர் 2020லிருந்து மனநலப் பணியாளரையும் மருத்துவ உதவியாளரையும் ஒரு வேனில் அனுப்புகிறது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள், ஒருவரும் கைதாகவில்லை. வன்முறை செய்கிறவரைப் போலீஸ் பிடிக்கட்டும், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்த வேன் இருந்தால் போலீஸுக்கு அதற்கு நேரமும் கிடைக்கும்.

நான் கேட்பது சின்னது. உங்கள் ஆண்டறிக்கையில் 'அகற்றப்பட்ட கூடாரங்கள்' என்ற வரியை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் அழைத்துச் சென்றவர்களில் ஆறு மாதம் கழித்தும் வீட்டிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அதிகாரிகள் எதைக் கணக்குக் காட்ட வேண்டுமோ அதைத்தான் செய்வார்கள். அடுத்த முறை ஒரு தெருவைக் காலி செய்யும் தீர்மானம் மேசைக்கு வரும்போது, அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் இன்றிரவு எங்கே படுப்பார் என்ற பட்டியலையும் கூடவே கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் வாக்களிக்காமல் தீர்மானத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நகரத்தில் குடியிருக்கும் ஒருவர்