அம்மிணிக்கு, சூலூரிலிருந்து

சூலூர்
5.11.2023

அன்புள்ள அம்மிணி,

போன வாரம் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். லைன் விட்டு விட்டுக் கேட்டது, நடுவில் உன் அம்மா வேறு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீ இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலிக்கு 2013-இல் வந்த ஐ.நா. அமைதிப்படை டிசம்பர் 31-க்குள் வெளியேற வேண்டும்; வடக்கே கிடால் ஊர் முகாமை அக்டோபர் 31-ஆம் தேதியே காலி செய்தாகிவிட்டது. அதை நம்பிப் பிழைத்த உள்ளூர் ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், ஜெனரேட்டர் மெக்கானிக், ஸ்டோர் குமாஸ்தா ஆகியோருக்கு இனி என்ன தொழில் கற்றுத் தருவது என்று கேட்டாய். தையல் வகுப்பு வைக்கலாமா என்றும் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் நூற்பாலை மூடியபோது எங்களுக்கும் முதலில் வந்தது தையல் வகுப்புதான். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் சைடு பார்த்தவன், புளோ ரூமில் பஞ்சு சுமந்தவன், எல்லோருக்கும் ஒரே பாடம். ஒரு ஊரில் ஐம்பது பேர் ஒரே சமயத்தில் தையல்காரர் ஆனால் துணி கொடுப்பவர் யார்? பிழைத்தவர்கள் வேறு வழியில் பிழைத்தார்கள். மெயின்டனன்ஸ் பார்த்தவர்கள் சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களுக்குப் போனார்கள். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பேரிங் போடும் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லத் தெரிந்தவனுக்கு மெஷின் மாறினால் கொஞ்ச நாள் கை தடுமாறும், அவ்வளவுதான்.

அதனால் கையில் இருக்கும் வேலைக்குப் பக்கத்து வேலை எது என்று பார். ஜெனரேட்டர் பார்த்தவனுக்கு மோட்டார் காயில் கட்டவும் சோலார் பம்பு பொருத்தவும் சொல்லிக்கொடு. அந்த வெயிலுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் அவனை யாராவது தேடி வருவார்கள். ஸ்டோர் குமாஸ்தாவை லாரி ஷெட்காரர்களும் மருந்து மொத்த வியாபாரிகளும் எடுத்துக்கொள்வார்களா என்று நேரில் போய்க் கேள். மொழிபெயர்ப்பாளர்கள் விஷயம்தான் சிக்கல். ஜூலையில் வந்த புதிய அரசியல் சட்டத்தில் பிரெஞ்சு ஆட்சிமொழி இடத்தை இழந்து, பம்பாரா உள்ளிட்ட அந்நாட்டு மொழிகள் அங்கே ஏறியிருப்பதாகப் படித்தேன். அரசுத் தாள்களை மொழிபெயர்க்க ஆள் தேடுவார்களா என்று விசாரித்துப் பார். வகுப்பை நீட்டாதே. நம் ஜி.டி. நாயுடு பொறியியல் படிப்புக்கே நாலு வருடம் எதற்கு என்று சண்டை போட்டவர்.

மாலியின் தெற்கே சிக்காசோ பக்கம் அவ்வளவு பருத்தி விளைந்தும் ஏறக்குறைய எல்லாம் பஞ்சாகவே கப்பலேறுகிறது என்பது நூற்பாலைக்காரனான எனக்கு வயிற்றெரிச்சல்தான். அதற்காக ஆலையே இல்லாத ஊரில் நூற்புப் பயிற்சி ஆரம்பித்துவிடாதே.

சம்பள விஷயம் இன்னும் கடினம். ஆலைச் சம்பளம் வாங்கியவன் பட்டறைக் கூலிக்குப் போகமாட்டேன் என்று ஒரு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். எங்கள் ஆலை லைன் வீடுகளில் பலர் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். 1986-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டத்தில் முதல் வருடம் கூலியில் 75 சதவீதம், அடுத்த வருடம் 50, மூன்றாம் வருடம் 25 என்று கொடுத்தார்கள். யாரோ வீட்டுச் செலவு தெரிந்தவர் போட்ட கணக்கு. வருமானம் ஒரே நாளில் நின்றால் எவனும் வகுப்பில் மனம் வைத்து உட்காரமாட்டான். உன்னால் முடிந்தால் வகுப்புக்கு வரும் நாளுக்காவது தினப்படி கேட்டு வாங்கிக் கொடு.

எல்லாவற்றையும்விட அவசரம் வேலை செய்ததற்கான அத்தாட்சித் தாள்தான், அம்மிணி. ஆலை கேட் பூட்டிய பிறகு எங்கள் பி.எஃப். படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. மேனேஜர் வேறு ஊருக்குப் போய்விட்டார், சீல் யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. உன் பெரியப்பாவிடம் அங்கே வேலை செய்ததற்கு மிஞ்சிய அத்தாட்சி ஒரு பித்தளை டோக்கன். அதைக் காட்டி எந்தக் கம்பெனியில் வேலை கேட்பார்? உன் ஆட்களுக்கும் ஜனவரிக்குப் பிறகு 'இவர் இங்கே வேலை செய்தாரா' என்று யாராவது போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. 'மெக்கானிக்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எந்த மெஷின், எத்தனை கே.வி.ஏ. சக்தி, எதைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று விவரமாக எழுதிக் கொடு. ஐ.நா. அடையாள அட்டையை வெளியே காட்டவே சிலர் பயப்படுகிறார்கள் என்று சொன்னாயே, அவர்களுக்கு ஐ.நா. பெயரே இல்லாமல் தொழிலை மட்டும் சொல்லும் தாள் இன்னொன்று வேண்டும். எதை எப்போது எடுத்துக் காட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

வகுப்பு டிசம்பரில் நடக்கட்டும், தாளை இந்த மாதமே முடித்துவிடு. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிகள்தான் முதலில் விமானம் ஏறுவார்கள்.

இங்கே தீபாவளி போனஸ் பட்டுவாடா நடக்கிறது, திருப்பூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். அம்மாயிக்குக் கண் ஆபரேஷனை நீ வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா. டாக்டரிடம் நாள் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா