மறைத்து வாழ்ந்த மெர்ல் ஓபரான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாலிவுட் நடிகைகளின் இளமைக்காலம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளில் மெர்ல் ஓபரானுக்கும் இடமளிக்க வேண்டுகிறேன். 1911-இல் பம்பாயில் பிறந்து, இலங்கையில் பிறந்த பாட்டி சார்லட்டைத் தாயென்றே அறிந்து, கல்கத்தாவில் வறுமையில் வளர்ந்த அவர், லண்டனுக்குச் சென்று சிறு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தபோது திரைப்பட இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டாவின் கவனத்தைப் பெற்று, 1933-இல் வெளியான இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி பற்றிய படத்தில் மன்னரின் மனைவி ஆன் போலினாகத் தோன்றினார். ஆசிய வம்சாவளி வெளிப்பட்டால் கதாநாயகி வாய்ப்பு பறிபோகும் என்ற நிலையில், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவே அவரது பிறப்பிடம் எனப் பரப்பப்பட்டது. இதை வெறும் பொய்யென்று பழிப்பது எளிது. ஆனால், பிறப்பை மறைக்க வழியற்ற சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்கு, 1937-இல் வெளியான சீன விவசாயக் குடும்பக் கதையில்கூட நாயகி வேடம் மறுக்கப்பட்டது. அந்த வேடத்தில் நடித்த வெள்ளையின நடிகை லூயிஸ் ரெய்னருக்கோ ஆஸ்கர் கிடைத்தது. ஓபரானும் 1935-ஆம் ஆண்டுப் படமொன்றுக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்தான். மறைவுக்கு முந்தைய ஆண்டான 1978-இல், டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் அளிக்கப்பட்ட வரவேற்பிலும் அவர் கலந்துகொள்ள நேர்ந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை.